நவுறுவைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு

யூடியூப்பில் தமிழில் ‘நவுறு’ என்று தேடிப் பாருங்கள். ஆளுக்கு ஆள் குரல் மாறும், பின்னணி இசை மாறும், கதை மட்டும் மாறாது. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பணக்காரராக இருந்த தீவுச் சனம். பொஸ்பேற் தோண்டி விற்ற காசு. வேலைவெட்டி இல்லாமல் தின்று பருத்த உடம்பு. தீவைச் சுற்றி இருபது கிலோமீற்றர்கூட இல்லாத வீதியில் ஓட்ட விலைகூடின கார். லண்டனில் காசைக் கொட்டி மேடையேற்றிப் படுத்துப்போன ஒரு இசை நாடகம். பத்தாயிரம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு ஏழு விமானம். கடைசியில் வங்குரோத்து. இந்த இடத்தில் சொல்லுகிறவர் குரலைத் தாழ்த்தி ஒரு நீதி சொல்லுவார்: உழைக்காமல் வந்த காசு நிலைக்காது.

கீழே கருத்துகளில் எங்கட ஆக்கள் சிரிக்கிறார்கள். ‘சோம்பேறிகளுக்கு இதுதான் முடிவு’ என்று எழுதுகிறார்கள்.

இந்தக் கதையில் வருகிற தகவல்கள் பெரும்பாலும் சரி. நாடகம் உண்மை, விமானங்கள் உண்மை, வங்குரோத்தும் உண்மை. ஆனால் கதை எங்கே தொடங்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தெடுத்தே இதைச் சொல்லுகிறார்கள். அந்தத் தெரிவைத்தான் நாங்கள் பொய் என்கிறோம். இந்தப் பொய்யில் தமிழருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆகவே கதையை வேறு ஒரு இடத்திலிருந்து தொடங்குகிறோம்: நவுறுவின் விமான ஓடுபாதையிலிருந்து.

முதலில் இடத்தைப் பாருங்கள். பசுபிக் கடலில், பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, 21 சதுர கிலோமீற்றர் நிலம். எங்கட நெடுந்தீவின் பாதிகூட வராது. கிட்ட உள்ள தீவு பனாபா. அதுவும் 300 கிலோமீற்றர் தள்ளி. தீவின் நடுப்பகுதி உயர்ந்த மேட்டு நிலம். அங்கேதான் பொஸ்பேற் இருந்தது. தோண்டி எடுத்த பிறகு கூர்கூரான சுண்ணாம்புக் கற்கள் மட்டும் மிஞ்சின. நடக்கவே கஷ்டமான இடம் அது. வீடு கட்டுவது, பயிர் செய்வது பற்றிப் பேசத் தேவையில்லை. சனம் இருக்கக்கூடியது மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கின கரையோரப் பட்டியில். அந்தப் பட்டியின் தெற்குப் பக்கம், யாரென் என்ற மாவட்டத்தில், இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடின நீளத்தில் ஓடுபாதை கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீதி, வீதிக்கு அங்கால் பாராளுமன்றம். விமானம் வந்து போகும் நேரத்தில் அந்த வீதியில் வாகனங்களை மறித்து வைப்பார்கள். நாட்டுக்கு இருக்கிற ஒரே விமானத்தளம் அது.

குடியிருக்க இடம் காணாத ஒரு தீவில், இருந்த சமதரையில் இவ்வளவு பெரிய துண்டை விமானத்துக்குக் கொடுத்தது யார்? நவுறுச் சனம் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் யப்பானியப் படை எடுத்தது.

அது நடந்த விதத்தைக் காணொளிகள் சொல்லுவதில்லை. 1942 பெப்ரவரியில், யப்பான் வரப்போகிறது என்று தெரிந்ததும், தீவை ஆண்டுகொண்டிருந்த அவுஸ்திரேலியர் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது தங்கட வெள்ளைக்காரரையும் சுரங்க வேலைக்குக் கொண்டுவந்திருந்த சீனத் தொழிலாளரில் பெரும்பகுதியையும். நிர்வாக அதிகாரியும் இன்னும் நான்கு அவுஸ்திரேலியரும் தாங்களாகத் தங்கினார்கள். அந்த ஐந்து பேரையும் யப்பானியர் பிறகு கொன்றார்கள். மண்ணுக்குச் சொந்தக்காரரான நவுறுச் சனத்துக்குக் கப்பலில் இடமில்லை. ஓகஸ்ட்டில் யப்பானியப் படை இறங்கியது. அடுத்த சில மாதங்களில் நவுறுக்காரரையும் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளரையும் போட்டு வருத்தி ஓடுபாதையைக் கட்டி முடித்தார்கள்.

ஓடுபாதை வந்ததும் குண்டும் வந்தது. 1943இல் அமெரிக்க விமானங்கள் குண்டுபோடத் தொடங்கின. அந்த ஏப்ரலில் வந்தவை இன்றைய துவாலுவின் புனாபுட்டியில் அமெரிக்கர் புதிதாய் அமைத்த இன்னொரு ஓடுபாதையிலிருந்து கிளம்பியவை. ஒரு தீவுச் சனத்தின் நிலத்தைப் பறித்துப் போட்ட தளத்தில் ஏறி, இன்னொரு தீவுச் சனத்தின் நிலத்தைப் பறித்துப் போட்ட தளத்தில் குண்டு போட்டார்கள். சண்டை இரண்டு தீவுக்கும் சம்பந்தமில்லாத சண்டை.

தீவில் படை பெருகியது, சாப்பாடு போதவில்லை. யப்பானியர் அதற்குக் கண்ட வழி சனத்தைக் குறைப்பது. தொழுநோயாளர் 39 பேரைப் படகில் ஏற்றி நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். ஏறத்தாழ 1,800 நவுறுக்காரரில் 1,200 பேரை இப்போது சூக் என்று சொல்லப்படும் துருக் தீவுகளுக்கு வேலைக்காக நாடுகடத்தினார்கள். பசியும் நோயும் குண்டும் அங்கேயும் துரத்தின. 1946 ஜனவரி 31ஆம் திகதி கப்பலில் திரும்பி வந்து இறங்கியது 737 பேர். பின்னாளில் நவுறு சுதந்திரம் பெற்றபோது அதே திகதியைத்தான் தெரிவுசெய்தார்கள்: 1968 ஜனவரி 31. ஆகவே ஒவ்வொரு சுதந்திர தினமும் திரும்பி வந்தவர்களின் நாளாகவும் இருக்கிறது. ‘சோம்பேறிகள்’ என்று ஒரு சொல்லில் முடிக்கிற சனத்தின் கதை இது.

பலாலியைத் தெரிந்த ஆக்களுக்கு இதில் விளங்காத ஒன்றும் இல்லை. அதே போரில் பிரித்தானியர் போட்ட தளம் பலாலி. அதைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டு, எத்தனை ஊரின் காணி எத்தனை வருஷம் உள்ளே கிடந்தது என்று எங்கட சனத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஓடுபாதையைப் பார்த்தால் முதலில் ‘இது யாற்ற காணி?’ என்று கேட்கப் பழகின ஆக்கள் நாங்கள். நவுறு என்று வந்ததும் அந்தக் கேள்வி ஏன் மறந்து போகிறது?

சரி, காசுக் கதைக்கு வருவோம். பொஸ்பேற் தோண்டத் தொடங்கியது நவுறுச் சனம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரித்தானியக் கம்பனி தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அதை எடுத்து நடத்தின. ஆரம்பத்தில் காணிக்காரருக்குக் கொடுத்தது தொன்னுக்கு அரைப் பென்னி. எடுத்த பொஸ்பேற் உலகச் சந்தை விலைக்குக் கீழே அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விவசாயிகளுக்கு உரமாகப் போனது. அந்த நாடுகளின் பச்சைப் புல்வெளியும் செம்மறியும் பால்மாவும் ஏற்றுமதிக் காசும் எங்கிருந்து வளர்ந்தன என்று கேட்டால், விடையில் நவுறுவின் மண் இருக்கிறது. தோண்டி முடிந்த காணியைத் திருத்திக் கொடுப்பதைவிட, 1960களில் அவுஸ்திரேலியா இன்னொரு யோசனை சொன்னது: எல்லாரும் தீவை விட்டுவிட்டுக் குயின்ஸ்லாந்துக் கரையில் உள்ள கேர்ட்டிஸ் தீவுக்கு வாருங்கள். தலைவர் ஹாமர் டி ரொபேர்ட்டும் சனமும் மறுத்தார்கள். போனால் அவுஸ்திரேலியருக்குள் கரைந்து போவோம், நவுறு என்று ஒரு மக்கள் இருக்க மாட்டார்கள் என்பது அவர்களுடைய காரணம். சுதந்திரம் கிடைத்த பிறகும் சுரங்கம் சும்மா கைக்கு வரவில்லை. தங்கட மண்ணைத் தோண்டின இயந்திரங்களை 21 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் கொடுத்துத் தாங்களே வாங்க வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு முன் தோண்டி நாசமாக்கின காணிக்காக 1989இல் அவுஸ்திரேலியாவை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 1993இல் அவுஸ்திரேலியா வெளியில் சமரசம் பேசி 107 மில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்தது. உலகத்தின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்று தன்னை ஆண்ட நாட்டை நீதிமன்றத்தில் நிறுத்திக் காசு வாங்கிய கதை இது. இதற்கு ஒரு காணொளி வராதா?

இனி அந்த ஏழு விமானம். எல்லாரும் சிரிக்கிற இடம் இதுதான். எயர் நவுறு நட்டத்தில்தான் ஓடியது, பல பறப்புகளில் ஆசனங்கள் வெறுமையாகத்தான் கிடந்தன. அதை மறைக்க மாட்டோம். ஆனால் ஏன் ஒரு சிறிய நாடு விமானம் வாங்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அறுபது வருஷமாகக் கம்பனிக்காரனின் கப்பல் வந்தால்தான் வெளியே போகலாம் என்று இருந்த சனம். பசுபிக்கில் ஒரு தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்குப் போகவே வழியில்லாத காலம். போருக்குப் போட்ட ஓடுபாதையில் தங்கட பெயர் எழுதின விமானம் இறங்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதில் என்ன பகிடி இருக்கிறது? கொழும்புக்குப் போக அனுமதிப் பத்திரத்தோடு கப்பலுக்குக் காத்திருந்த யாழ்ப்பாணத்துச் சனத்திடம் கேட்டுப் பாருங்கள், போக்குவரத்து யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமா என்று.

பொஸ்பேற் முடிந்தது. காசை மேலே இருந்த ஆக்களும் வெளியிலிருந்து வந்த ஆலோசகர்களும் தின்றார்கள். 2005 டிசம்பரில், மிஞ்சியிருந்த கடைசி விமானத்தையும் கடனுக்காக ஒரு அமெரிக்க வங்கி பறித்துக்கொண்டது. ஓடுபாதை இருந்தது, விமானம் இல்லை. பிறகு தாய்வானின் உதவியோடு ஒரு விமானம் வாங்கி, பெயரையும் மாற்றித்தான் சேவையைத் திரும்பத் தொடங்கினார்கள்.

இங்கேதான் அவுஸ்திரேலியா திரும்ப வருகிறது. உண்மையில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. 2001 ஓகஸ்ட்டில் கடலில் தத்தளித்த 433 பேரை நோர்வேக் கப்பலான தம்பா காப்பாற்றியது. பெரும்பாலும் ஆப்கானிஸ்தான் ஹசாராக்கள். அவர்களைத் தன் கரையில் இறக்க மறுத்த அவுஸ்திரேலியா, செப்டெம்பர் 10ஆம் திகதி நவுறுவோடு ஒரு ஒப்பந்தம் போட்டது: 20 மில்லியன் டொலர் உதவி, பதிலுக்கு அகதிகளை வைத்திருக்க இடம். கையில் காசில்லாத நேரத்தில், கடனில் மூழ்கிக் கிடக்கும் ஆளின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்ட கேள்வி அது.

2007இல் எங்கட ஆக்கள் வந்தார்கள். கிறிஸ்மஸ் தீவுக்குப் பக்கத்துக் கடலில் மறிக்கப்பட்ட 80க்கும் மேற்பட்ட இலங்கையர், ஏறக்குறைய எல்லாரும் தமிழ் ஆண்கள், நவுறுவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே வருஷம் அவர்களில் பெரும்பான்மையோர் அகதிகள்தான் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2008இல் முகாம் மூடப்பட்டது. 2012இல் திரும்பத் திறந்தார்கள். அந்த வருஷம் செப்டெம்பர் 14ஆம் திகதி முதலாவதாகக் கொண்டுவந்து அந்த ஓடுபாதையில் இறக்கப்பட்டவர்களும் இலங்கையர், 30 ஆண்கள். போர் முடிந்து மூன்று வருஷம். வள்ளத்தில் ஏறும்போது அவர்கள் மனதில் இருந்த நாடு அவுஸ்திரேலியா. காலை வைத்தது யப்பானியர் போட்ட ஓடுபாதையில். அங்கிருந்து முகாமுக்கு, பொஸ்பேற் தோண்டி முடிந்த அந்த மேட்டு நிலத்துக்கு. நிழலில்லாத வெளி, கூடாரம், புழுக்கம்.

அந்தத் தீவின் முழு வரலாறும் அந்தச் சில கிலோமீற்றர் பாதையில் இருக்கிறது. ஒரு வல்லரசு போட்ட ஓடுபாதை, இன்னும் மூன்று நாடுகள் தோண்டிப்போட்ட மேடு, நடுவில் வீதியோரம் நவுறுச் சனத்தின் வீடுகள். அந்த வீதியால் தமிழ்ப் பெடியளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள் நவுறுவை நரகம் என்று சொன்னால் நாங்கள் அவர்களோடு வாதாட வரமாட்டோம். அங்கே நடந்தது கொடுமை. 2016இல் வெளியே கசிந்த 2,000க்கும் மேற்பட்ட சம்பவ அறிக்கைகளில் அடியும் பாலியல் வன்முறையும் பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொண்டதும் பதிவாகியிருந்தன. நோயாளியை மருத்துவத்துக்காக விமானத்தில் ஏற்றுவதற்குக்கூட அவுஸ்திரேலிய நீதிமன்றங்களுக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. கடும் நோய் வந்த நவுறுக்காரரும் அதே ஓடுபாதையால்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு அது உயிர்ப் பாதை. அகதிகளுக்கு அதே பாதை உள்ளே வரத் திறந்தது, வெளியே போகப் பூட்டியது. பூட்டின கை கன்பெராவில் இருந்தது.

‘அப்படியென்றால் நவுறு அரசாங்கத்துக்குக் குற்றமே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. காசை வாங்கியது அவர்கள். 2014இல் வெளிநாட்டு ஊடகக்காரருக்கான விசாக் கட்டணத்தை 200 டொலரிலிருந்து 8,000 டொலராக உயர்த்தியதும் அவர்கள். விசா கிடைக்காவிட்டாலும் காசு திரும்பி வராது. அதே வருஷம் நீதவானை நாடுகடத்தி, பிரதம நீதியரசரின் விசாவையும் இரத்துச்செய்தார்கள். அகதிகளைத் தாக்கின உள்ளூர்க்காரரும் இருந்தார்கள். இதற்கெல்லாம் அந்த ஆட்சியாளரும் அந்த ஆக்களும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் காவல்காரனைத் திட்டுகிற வாயால் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிறவனையும் திட்ட வேண்டும். முகாமுக்குக் காசு கொடுத்தது, அகதிகளை விமானத்தில் ஏற்றியது, ‘படகில் வந்தவன் ஒருநாளும் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது’ என்று 2013 ஜூலையில் சட்டாம்பிள்ளைத்தனமாக அறிவித்தது எல்லாம் யார்? நவுறுவைக் காட்டுமிராண்டித் தீவாக நினைக்க வைத்ததில் பெரிய இலாபம் அடைந்தது அவுஸ்திரேலிய அரசாங்கம்தான். ‘அது நாங்கள் இல்லை, அது நவுறு, அது தனிநாடு’ என்று சொல்லித் தப்புவதற்கு அந்தத் தீவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. சுதந்திரம் கேட்டபோது இழுத்தடித்தவர்கள், அகதி என்று வந்ததும் நவுறுவின் இறைமைக்கு முதல் ஆளாக மரியாதை கொடுத்தார்கள்.

இது பழைய கதையும் இல்லை. காலவரையறையில்லாமல் அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று 2023 நவம்பரில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் வெளியே விட வேண்டி வந்த ஆக்களை நவுறுவுக்கு அனுப்ப 2025 ஓகஸ்ட்டில் புது ஒப்பந்தம் போட்டார்கள். தொடக்கத்தில் 408 மில்லியன் டொலர், பிறகு வருஷத்துக்கு ஏறத்தாழ 70 மில்லியன். அதே வருஷம், கடல் உயர உயரக் கரையோரச் சனத்தை மேட்டுக்கு மாற்றக் காசு தேடி, நவுறு தன் குடியுரிமையையே 105,000 அமெரிக்க டொலரிலிருந்து விற்கத் தொடங்கியது. மேடு என்றால் எது? அந்தத் தோண்டிப்போட்ட மேடுதான். காணொளிக்காரருக்கு இதுவும் ஒரு பகிடியாகப் போகும்: ‘பாஸ்போர்ட் விற்கும் நாடு’.

எங்களுக்குக் கோபம் வருவது இந்தச் சிரிப்பை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பதால். ‘வெளிநாட்டுக் காசு வந்து யாழ்ப்பாணத்துப் பெடியள் கெட்டுப்போனார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கித் திரிகிறார்கள், உழைக்க மாட்டார்கள்’ என்று தெற்கிலிருந்தும் சொல்லுகிறார்கள், எங்கட மேடைகளிலும் சொல்லுகிறார்கள். போரும் இடப்பெயர்வும் பறிபோன காணியும் அந்தப் பேச்சில் வராது. கெட்டுப்போன பெடியன் மட்டும் வருவான். நவுறுவுக்கும் அதே அச்சு. முதலில் பறிக்க வேண்டும், பிறகு பறிகொடுத்தவனின் குணத்தைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். இந்த அச்சு எங்களில் குத்தப்படும்போது நோகிறது. மற்றவனில் குத்தப்படும்போது லைக் போடுகிறோமா?

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நவுறு பற்றித் தமிழில் காணொளி செய்கிற, பதிவு எழுதுகிற தோழர்களே, ஏழு விமானத்தைச் சொல்லுங்கள். அதோடு அவை இறங்கின ஓடுபாதையை யார் போட்டது, போட்ட வருஷத்தில் எத்தனை பேர் நாடுகடத்தப்பட்டார்கள் என்றும் சொல்லுங்கள். பொஸ்பேற் காசைச் சொல்லுங்கள். தொன்னுக்கு அரைப் பென்னியையும் சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவில் வாக்குரிமையோடு இருக்கிற எங்கட சொந்தக்காரரே, நவுறுக்காரனைத் திட்டி முடிந்தால், உங்கட தொகுதிப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. அந்த 408 மில்லியனில் உங்கட வரிக்காசும் இருக்கிறது. அடுத்த விமானம் அந்த ஓடுபாதையில் இறங்கும்போது உள்ளே யார் இருக்கிறார்கள், ஏற்றிவிட்டது யார் என்று கேளுங்கோ. 2012இல் அந்த விமானத்தின் கதவு திறந்தபோது இறங்கியவர்கள் எங்கட ஆக்கள் என்பதையும் மறந்துவிடாதேயுங்கோ.